கடலில் போட்ட முங்கு

தென்னந்தோப்புக்குள் பிறந்து, தென்னைக்குத் தண்ணீர் கட்டியே தலை நரைத்த ஒருத்தனை விமானத்தில் ஏற்றி, கடல் தாண்டிக் கொண்டுபோய், படகில் உட்காரவைத்து, ஒரு தீவில் இறக்கினால் அங்கே அவனுக்கு என்ன காட்டுவார்கள்? தென்னந்தோப்பைக் காட்டுவார்கள். எனக்கு அதைத்தான் காட்டினார்கள். வழிகாட்டியாக வந்த தாய்லாந்து அம்மாள், கழுத்தில் விசில் தொங்க, இரண்டு கையையும் விரித்து, "கோகனட்! கோகனட்!" என்று தான் பெற்ற பிள்ளைகளை அறிமுகம் செய்வதுபோலக் காட்டினாள். படகில் வந்த வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து படம் எடுத்தார்கள். நான் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

"இதுல காண்டாமிருக வண்டு அடிச்சிருக்குது புள்ள. மட்டையப் பாரு, கத்திரியில வெட்டுன மாதிரி."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "இங்க வந்துமுங்களா? வேணும்னா நம்மூரு கிருஷி பவன் விவசாய ஆபீசருக்குப் போன் போட்டு என்ன மருந்துன்னு கேட்டுச் சொல்லுங்க அந்தம்மாளுக்கு."

அன்று காலை அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவாக இருக்கலாம். சரியாக நினைவில்லை. அதற்குப் பிறகு நான் சிரிக்கவைக்கப் பட்ட பாடுதான் நினைவில் இருக்கிறது.

நாங்கள் ஒன்றும் ஊர் சுற்றுகிற ஆட்கள் இல்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறுவதே எங்களுக்கு ஒரு பிரயாணம். பெங்களூரில் வேலை செய்யும் மகள், அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசாக டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். டிக்கெட் வந்தபிறகுதான் மச்சானுக்கு உடம்பு கெட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவளுக்கு அவர் ஒரே அண்ணன். எனக்கு அவர் ஒரே ரசிகர். நான் சொல்லும் கதைகளுக்கு ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். அதில் பாதி மரியாதைக்காக. மச்சான் மட்டும், கதை பாதியில் இருக்கும்போதே முடிவைக் கண்டுபிடித்துவிட்டு, "இரு மாப்ள, இரு" என்று தொடையைத் தட்டிக்கொண்டு முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். அப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசில்லை.

அவருக்கு இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு வாங்கியது. தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடியே இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்லீங்க, மோட்டாரு சிங்கிள் பேஸ்ல ஓடுது. தண்ணி வரும், ஆனா சொட்டும்" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் சொல்லிவிட முடியாது.

டாக்டர் என்னையும் மச்சானின் மகனையும் வெளியே கூப்பிட்டு, நாள் குறித்துச் சொல்ல முடியாது, மாதக்கணக்கிலும் இருக்கலாம், நாளைக்கே எதுவும் நடக்கலாம் என்றார். அதை என் மனைவியிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மறைத்து வைத்ததில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இதுவரை இருந்ததில்லை.

"உங்கள இப்பிடி உட்டுப்போட்டு நான் எப்பிடிங்ணா போறது? டிக்கெட்டு போனாப் போச்சாது" என்று அண்ணன் கட்டிலருகே நின்றாள்.

"நீ இங்கியே உக்காந்து எம்மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா மோட்டாரு திரீ பேசுக்கு மாறிருமா பாப்பா? போய்ட்டு வா."

"பயமா இருக்குதுங்ணா."

"என்ன பயம்? பிளேன் ஓட்டறது உம் புருசன் இல்லியே."

"நான் வர்ற வரைக்கும்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

மச்சான் அவளையே பார்த்தார். "இருக்கறேன் கண்ணு. நான் எங்க போகப் போறேன்? ஆனா ஒரு கண்டிசன். கடல்ல தல நனைய முங்கிக் குளிச்சுட்டு வரோணும். கணுக்காலு வரைக்கும் நனைச்சுப்போட்டு வந்து குளிச்சேன்னு சொன்னயின்னா ஒத்துக்க மாட்டேன். மாப்ளதான் சாச்சி."

"இவரு சாச்சி சொன்னா நம்பிருவீங்களாக்கும்?"

"அதுஞ்செரி" என்றார் மச்சான். மூன்று பேரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பு இருமலாக மாறியது.

அந்தக் கண்டிசனுக்குக் காரணம் உண்டு. என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் அண்ணன் அவள் முதுகில் காலி எண்ணெய் டின்னைக் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழக்கப் பார்த்ததும், அவள் அவர் கையைக் கடித்துவிட்டுப் படியேறி ஓடிவிட்டதும் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு நோம்பி, விசேஷத்துக்கும் சொல்லப்படும் கதை. கடித்த தழும்பை மச்சான் எங்கள் கல்யாணத்தின்போது எனக்குத் தனியாகக் காட்டி, "பாத்து இருந்துக்கோ மாப்ள" என்றார்.

இப்படித்தான் நாங்கள் போனோம். தினமும் காலையில் அவள் அண்ணனுக்குப் போன் செய்வாள். அவர் எடுத்து, "இருக்கறேன், இருக்கறேன்" என்பார். அதற்கப்புறம்தான் அவளுக்கு இட்லி இல்லாத அந்த ஓட்டல் பலகாரம் தொண்டையில் இறங்கும்.

தீவுக்குப் போன அன்று காலையிலும் பேசினார். படகில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் இறுக்கி, கண்ணை மூடி, உதடு மட்டும் ஏதோ சாமி பெயரைச் சொல்ல உட்கார்ந்திருந்த மனைவியைப் படம் பிடித்து மச்சானுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தாலும் கிண்டலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

"மாப்ள, அந்தச் சட்டைய எப்பிடியாச்சும் ஊட்டுக்குக் கொண்டாந்துரு. அதப் போட்டு உம் பொண்டாட்டிய நம்ம நெலக்கடலக் காட்டுல நிறுத்துனா ஒரு மயிலு கிட்ட வராது."

நாளெல்லாம் அந்தத் தீவில் சும்மா இருப்பதுதான் வேலை. காலையில் கொண்டுபோய் விடுவார்கள், மதியம் சாப்பாடு போடுவார்கள், வெயில் தாழப் படகு திரும்பும். நடுவில் நம் இஷ்டம். மணல், ஓலைக் குடை, பாய் விரித்த நாற்காலிகள். எங்கள் ஊரில் ஒருத்தன் பகலில் இப்படி மல்லாந்து கிடந்தால், கள்ளுஷாப்பிலிருந்து வந்திருக்கிறான் என்று தாண்டிப் போய்விடுவார்கள். இங்கே அதற்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள். நான் படுத்துப் பார்த்தேன். என் வயிறு எனக்குக் கடலை மறைத்தது.

அவள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். அலை வந்தால் பின்னால் ஓடினாள். "முங்கு புள்ள, அண்ணன் கேப்பாரு" என்றேன். "மத்தியானத்துக்கு அப்புறமேட்டுக்குப் பாக்கலாமுங்க" என்றாள்.

அப்போது போன் அடித்தது. மச்சானின் மகன். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவன். வேலை நேரத்தில் போன் செய்கிற பழக்கமில்லாதவன்.

"மாமா, அத்தை பக்கத்துல இருக்குதுங்களா?"

"இருக்குது."

"சித்தெ தள்ளி வாங்க."

நான் எழுந்து பாறைப் பக்கம் நடந்தேன்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலீங்க மாமா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கறம். அத்தைகிட்ட இப்பச் சொல்ல வேண்டாமுங்க. நீங்க ஒண்ணும் அவசரப்பட வேண்டாம். மெதுவாவே வாங்க. அப்பா வந்து…"

போன் அறுந்தது. அதற்கு மேல் சிக்னல் இல்லை. தேவையுமில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் போனில் சாவதில்லை. போனில் எல்லோருக்கும் கொஞ்சம் முடியாமல் மட்டுமே போகும். சேதி பெண்களுக்கு நேராகப் போகாது; புருசனுக்கு வரும். அவனைத் தள்ளிக் கூப்பிட்டு, அவசரமில்லை, மெதுவாக வா என்பார்கள். நிஜமாகவே உயிர் ஊசலாடுகிறது என்றால், "உடனே பொறப்பட்டு வா, ஓடி வா" என்றுதான் சத்தம் போடுவார்கள். மெதுவாக வா என்றால், இனி ஓடி வந்து பயனில்லை. கேட்கிறவனும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டான். திருப்பிக் கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்பது, துக்கத்தில் இருப்பவன் வாயில் கையை விட்டு அந்தச் சொல்லைப் பிடுங்குவது போல. நானே எத்தனையோ பேருக்கு இப்படிப் போன் செய்திருக்கிறேன். "சித்தெ முடியல, வந்துட்டுப் போங்க" என்பேன். கையில் மாலையோடு வந்து இறங்குவார்கள். முடியாதவரைப் பார்க்க எதற்கு மாலை என்று நாங்களும் கேட்பதில்லை.

ஆகவே நான் பாறைமேல் உட்கார்ந்து, மச்சான் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டேன். காலையில் வந்த குரல் பதிவை மறுபடி கேட்கலாம் என்று எடுத்தேன். விரல் அதன் மேல் போகவில்லை.

படகு மாலையில்தான். அதுவரை தீவை விட்டுப் போக வழியில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவள் இங்கேதான் இருக்க வேண்டும். மாலைவரை அவளுக்கு அண்ணன் உயிரோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

"யாருங்க போன்ல?"

"கறிவேப்பிலைக்காரன். வெல என்னன்னு கேட்டான்."

எனக்கும் கறிவேப்பிலைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை தெரியாது. அவள் ஒரு நொடி பார்த்தாள். நான் கதைகளை அவிழ்த்துவிட்டேன். ஓட்டல் குளியலறையில் எந்தக் குழாயைத் திருகினாலும் தலையில் கொட்டியதை நடித்துக் காட்டினேன். விமானத்தில் இடுப்புப் பட்டையை அவிழ்க்கத் தெரியாமல் பக்கத்து ஆள் என்னைப் பிரசவம் பார்ப்பதுபோல வெளியே எடுத்ததைச் சொன்னேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். மரியாதைச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

சாப்பாடு வந்தது. வரிசையில் நின்று தட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். சோறு, ஏதோ குழம்பு, இறால், தர்பூசணி. அவள் சோற்றை மட்டும் போட்டுக்கொண்டு வந்து, பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்துத் தூவி, சின்ன டப்பாவில் கொண்டுவந்த நெய்யை ஊற்றிப் பிசைந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால், எடுக்கிறவரை சொந்தக்காரர்கள் பச்சைத் தண்ணீர்தான். அண்ணன் சடலம் கூடத்தில் கிடக்க, இவள் இங்கே நெய்யும் பருப்பும் பிசைந்து சாப்பிட்டாள் என்பது, சேதியை மறைத்ததைவிடப் பெரிதாக அவளைக் காலமெல்லாம் அறுக்கும். அதைத் தடுக்கச் சொல் கிடைக்கவில்லை. என்னிடம் எப்போதும் கிடைப்பது கோமாளித்தனம் ஒன்றுதான்.

எழுந்தேன். நாற்காலிக் காலில் தடுக்கியவன்போலத் தள்ளாடினேன். கையை அவள் தட்டின்மேல் ஊன்றினேன். தட்டு கவிழ்ந்து சோறு மணலில் விழுந்தது.

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ஏறுன பிளேன் எறங்கிருச்சு, எனக்கு மட்டும் இன்னும் ஆடுது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மணலில் கிடந்த சோற்றைப் பார்த்தாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. சோறு என்றால் கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக உட்காரும் புருசன், காலித் தட்டோடு, அவள் தட்டையும் கவிழ்த்துவிட்டு நிற்கிறான்.

"எங்கண்ணனுங்களா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

அவளிடம் ஒரு சத்தமும் இல்லை. எந்த எழவு வீட்டிலும் முதல் ஒப்பாரி அவளுடையதுதான். முறைச் சொந்தமே இல்லாத வீட்டிலும் இவள் குரல் கேட்டபின்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும். இங்கே ஒரு பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை எட்டும் தூரத்தில் ஒரு பெண் நீச்சல் உடையில் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தீவின் நடுவில் ஒரு பலகை: குப்பை போடக் கூடாது, பவளம் எடுக்கக் கூடாது, குரங்குக்குத் தீனி கொடுக்கக் கூடாது என்று படம் போட்டுக் காட்டியிருந்தது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இங்க அழுகக் கூடாதுங்களா?"

"போர்டுல அப்பிடி ஒண்ணும் போடல புள்ள" என்றேன். சொன்ன பிறகுதான் அது வேடிக்கைபோல ஒலித்தது எனக்கே கேட்டது. நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அவள் எழுந்தாள். மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். சேதி காதில் விழுந்தால் இருக்கிற இடத்திலேயே தலைக்கு மூன்று முறை தண்ணீர் விட வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். கிணறோ குழாயோ இல்லாத இடத்தில் கடல்தான் இருந்தது.

கணுக்காலைத் தாண்டினாள். முழங்காலைத் தாண்டினாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். இடுப்பளவு வந்ததும் அவள் கண்ணை மூடி முங்கினாள். எழுந்து, வாயிலிருந்து தண்ணீரைத் துப்பி, மறுபடி முங்கினாள். மூன்றாவது முங்கில் எழவே மாட்டாளோ என்று எனக்குப் பயம் பிடித்தது. தண்ணீருக்கடியில் அவள் கத்தினாள் என்று நினைக்கிறேன். பிடித்திருந்த கை வழியாக ஒரு அதிர்வு வந்தது.

வழிகாட்டி அம்மாள் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தாள். "ஜாக்கெட்! மேடம், ஜாக்கெட்!" நாங்கள் நனைந்து கரையேறியபோது, காலையிலிருந்து என் மனைவி அலைக்குப் பயந்து ஓடியதைப் பார்த்திருந்த ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில் அம்மாளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பாயில் கிடந்த என் போனை எடுத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, எங்களைப் படம் பிடித்தாள். படத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். யார் போனைத் தூக்கினாலும் பல்லைக் காட்டுவது எனக்கு ஒரு நோய்.

திரும்பும் படகில் அவள் ஈரச் சேலையோடு, அந்த ஆரஞ்சுச் சட்டைக்குள், என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"முங்கச் சொன்னாரு. முங்கிட்டேன். சொல்றதுக்குத்தான் ஆளில்ல."

கரை தெரிந்ததும் போனுக்கு உயிர் வந்து வரிசையாகக் கிணுகிணுத்தது. அதில் மச்சானின் பெயரில் ஒரு குரல் பதிவு. காலையில் வந்ததுதான் மறுபடி காட்டுகிறது என்று நினைத்தேன். இல்லை, மதியத்துக்கு மேல் வந்திருந்தது. செத்தவர்கள் வாட்ஸ்அப்பில் பேசுவது எங்கள் ஊரில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அழுத்தினேன்.

"மாப்ள… இந்தப் பையன் போனப் போட்டு உன்னப் பயமுறுத்திட்டானாமா? ஒண்ணுமில்ல… மூச்சு வாங்குச்சு, கொண்டாந்து குழாயச் சொருகீட்டாங்க. பாப்பாகிட்டச் சொல்லீறாத. கடலப் பாத்துட்டு நிம்மதியா வரட்டும்… முங்குனாளா இல்லியா?"

படகுத்துறைப் பலகையில் என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இறங்குகிறவர்கள் அவளைச் சுற்றி இறங்கிப் போனார்கள். "இன்னொருக்கா போடுங்க" என்றாள். போட்டேன். இன்னொருமுறை என்றாள். போட்டேன். அதற்குப் பிறகு அழுதாள். தீவில் அழாத அழுகை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொட்டை ஒழுங்கு செய்துகொண்டு, வீடியோவில் கூப்பிட்டாள். மகன் போனைப் பிடித்துக்கொள்ள, மூக்கில் குழாயோடு மச்சான் தெரிந்தார்.

"என்ன பாப்பா, தல ஈரமா இருக்குது?"

"முங்குனேனுங்ணா."

"நெசமாவா?" அவர் கண் விரிந்தது. "மாப்ள?"

"மூணு முங்கு மச்சான். நானே சாச்சி."

"மூணா? எதுக்குடா மூணு?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த கதைகளிலேயே உச்சம் அது. மச்சான், உங்களுக்கு நாங்கள் தலைமுழுக்கே முடித்துவிட்டோம், வெள்ளைக்காரன் கைதட்டினான், நீங்கள் என்னவென்றால் உட்கார்ந்து கேள்வி கேட்கிறீர்கள். இதைக் கேட்டால் மனிதர் தொடையைத் தட்டியிருப்பார், குழாய் தெறித்திருக்கும். ஆனால் கேமராவுக்குக் கீழே, அவர் கண்ணுக்குத் தெரியாமல், என் மனைவியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவருக்குங்ணா" என்றாள்.

"தண்ணி எப்பிடி?"

"ஒரே உப்புங்ணா."

அதற்கு மச்சான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. கடல் உப்பாகத்தான் இருக்கும். தங்கச்சி வாயில் கடல் போயிற்று என்ற சந்தோஷம் அவருக்கு. இருமினார். "போதுமுங்கப்பா" என்று மகன் போனை வாங்கிக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தில் நானும், விசில் அம்மாள் எடுத்த படத்தைச் சாட்சிக்காக அவருக்கு அனுப்பினேன். அதை அவர் நர்சுகளுக்கெல்லாம் காட்டினாராம். மகனைத் தனியாகப் பிடித்து, "இனிமே எதுவா இருந்தாலும் நேராச் சொல்லித் தொலைடா, எங்களுக்கு உசுரு போயிருச்சு" என்று ஏசினேன்.

டிக்கெட்டை மாற்றி அடுத்த நாள் விமானம் பிடித்தோம். அங்கே விமான நிலையத்தில் காத்திருந்தபோது அவன் கூப்பிட்டான். தள்ளி வரச் சொல்லவில்லை. கொஞ்சம் முடியலை என்று சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான்.

"அப்பா போயிட்டாருங்க மாமா."

ஒரு துணிகூடப் போர்த்தாமல் அந்தச் சொல் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் ஏன் அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது. மெதுவாக வா என்று அவன் சொல்லியிருந்தால், வீடு போய்ச் சேரும்வரை ஒரு சந்தேகத்தையாவது நான் மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அவள் கையில் ஒரு காகிதக் கோப்பையில் காப்பி இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை நான் எதையும் தட்டிவிட வேண்டியிருக்கவில்லை. அவளே அதைக் கீழே வைத்தாள்.

மச்சான் வீட்டில் அவள் அழுததை ஊரே கேட்டது. பெண்கள் அவளைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற நின்றாளே தவிர, தானாக ஒரு சொம்பு எடுத்து ஊற்றிக்கொள்ளவில்லை. அதற்குள் அந்தப் படம் சொந்தக்காரர்கள் குழுவில் சுற்றியிருந்தது. மச்சான்தான் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். "அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப, இங்க பாரு, கடல்ல கும்மாளம்" என்று ஒரு பெரியம்மா சொன்னது எங்கள் காதில் விழும்படியே விழுந்தது. நான் வாயைத் திறந்தேன். மனைவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். உண்மையைச் சொன்னால் இதைவிடக் கேவலம். உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு முங்கினவள் என்ற பெயரைவிட, கும்மாளம் போட்டவள் என்ற பெயர் அவளுக்குத் தேவலையாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. "நான் அன்னைக்கு முங்காம இருந்திருந்தா?" என்று ஆரம்பித்துவிடுவாள். பாத்திரம் கழுவும்போது, மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது, பாதியில் நின்றுவிடுவாள். டாக்டர் சொன்னதைச் சொல்வேன். சிங்கிள் பேஸ் மோட்டார் கணக்கைச் சொல்வேன். தலையை ஆட்டுவாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கதை சொல்வது. அந்த வருடம் முழுக்க என்னிடம் கதை வரவில்லை. கதை சொல்ல ஆரம்பித்தால், "இரு மாப்ள, இரு" என்ற குரலுக்காக நடுவில் நிறுத்திவிடுவேன். அது வராது. அப்புறம் கதை எங்கே போகிறதென்று எனக்கே மறந்துவிடும்.

மச்சான் வீட்டில் வருட திதி முடிந்து திரும்பிய அன்று இரவு, எங்கள் வீட்டுச் சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் மிச்சச் சோற்றுக்கு உட்கார்ந்தோம். அவள் எனக்குப் போட்டுவிட்டு, தன் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, அன்னைக்குப் போன்ல அண்ணங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க."

"எத?"

"எதுக்கு மூணு முங்குன்னு கேட்டாரே."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"சிரிச்சிருப்பாரு" என்றாள்.

"சிரிச்சிருப்பாரு."

"‘தல முங்குனது செரி, சோப்புப் போட்டியா பாப்பா’ன்னு கேட்டிருப்பாரு." அவர் மூச்சு வாங்குகிற மாதிரியே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். குரல் அப்படியே அவருடையது. "‘பருப்புச் சோத்த மண்ணுல கொட்டுனானே உம் புருசன், அத எங்கணக்குல எழுதாத’ம்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஒரு வருடம் கழித்து அந்தக் கதைக்குக் கிடைத்த முதல் சிரிப்பு. ஆனால் இரண்டு பேர் சிரித்தும் அது பாதிதான் நிறைந்தது. மீதிக்கு ஆள் வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அங்கே பலகை எதுவும் இல்லை என்று நினைவு வந்ததுபோல அதை எடுத்துவிட்டாள்.

தண்ணீர்ச் சொம்பை எடுக்க நான் எழுந்தேன். அழுதுகொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே, இடது கையால் தன் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தீவிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான். சாப்பிடும்போது நான் எழுந்தால் தட்டைப் பிடித்துக்கொள்வாள்.